தலைகீழ்க் கொடி

தோயாவின் பெயரை ஞேவு முதன்முதலில் கேட்டது வட்டாமு கரையில், படகோட்டி லாலி போட்ட கூச்சலில்தான். "டேய் தோயா, கொடியத் தலைகீழாக் கட்டுடா! உயிரோட விட்ட மீனுக்கு நிமிந்த கொடியா?"

கரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நிமிர்ந்த கொடி என்றால் படகில் மயில் மீன் கிடக்கிறது, கரைக்குப் பங்கு உண்டு. தலைகீழ்க் கொடி என்றால் தூண்டில் போட வந்த வெள்ளைக்காரர்கள் பிடித்து, படமெடுத்து, கடலிலேயே விட்டுவிட்டார்கள். சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

பிறகு ஞேவு அந்தத் தோயாவுக்கே வாழ்க்கைப்பட்டாள். அவன் கை அப்படிப்பட்ட கை. களைத்துப்போன மீனின் ஈட்டி போல நீண்ட அலகைக் குனிந்து பிடித்து, முள்ளைக் கழற்றி, படகு மெல்ல நகர நகர அதன் தலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருப்பான். செவுளில் தண்ணீர் ஓடி, வெளுத்த உடம்பு நீலமான பிறகுதான் விடுவான். தான் அடுத்து வாங்கும் படகை ஓட்ட அவனிடமே தருவது என்று லாலி முடிவு செய்திருந்தார்.

ஞேவுவின் பிறந்த ஊரான கன்ஸேயில் மழை பொய்த்த வருடம், அவள் அண்ணன் முவாரோ பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கினான். வந்த நாளிலிருந்து தலைகீழ்க் கொடிதான். அவன் வாய் சும்மா இருக்குமா?

"என்ன மாப்ள, மீன் பிடிக்கப் போறியா, மீனுக்குப் பிரசவம் பாக்கப் போறியா?"

ஞேவுவுக்கு அவமானமாகிவிட்டது. மறுநாள் விடியலில் புருஷனிடம் சீறினாள். "இன்னைக்கும் கொடி தலைகீழா வந்துச்சுன்னா, நீயும் கடல்லயே இருந்துக்க."

அன்று கொடி நிமிர்ந்து வந்தது. தேங்காய்ப் பால் பிழிந்து குழம்பு வைத்தாள். முவாரோ களியால் சட்டியை வழித்தான். தோயா மட்டும் பசியில்லை என்றான்.

சாப்பாட்டு நேரத்தில் லாலி வந்து வாசலிலேயே நின்றார்.

"உக்காந்து சாப்பிடுங்கண்ணே."

"வேணாம்மா. அது தானாச் சாகல. இவன் செவுள அமுக்கிப் பிடிச்சிருந்தான், நான் பாத்தேன். மீனப் பிடிச்ச வெள்ளைக்காரம்மா அழுதுச்சு. தானாச் செத்துச்சுன்னு நானும் பொய் சொன்னேன்." தோயாவின் பக்கம் திரும்பினார். "ஏன்டா? ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் மீன் வாங்கித் தந்திருக்க மாட்டனா?"

தோயா தரையைப் பார்த்தான். மறந்தும் பெண்டாட்டி பக்கம் பார்க்கவில்லை. ஞேவுவுக்கும் அண்ணன் முன்னால் வாய் எழவில்லை.

"நாளைலருந்து வராத" என்றார் லாலி.

அதன்பிறகு அந்தக் கரையில் எந்தப் படகும் அவனை ஏற்றவில்லை. ஊர் திரும்பிய முவாரோதான் தன்னோடு வேலைக்கு அழைத்துப் போனான்.

அடுத்த மீன் பருவத்தில் ஞேவு லாலியைத் தேடிப் போனாள். "நான் சொல்லித்தான்ணே செஞ்சாரு."

"அன்னைக்கே சொல்லியிருந்தா, உங்க ரெண்டு பேரையும் ஏசிட்டு விட்டிருப்பேனே, தாயி. படக வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்."

தோயா இப்போது கன்ஸே பக்கம் ஒரு குவாரியில் கல் அறுக்கிறான்.