பூசணம் பிடித்த ஃபிளாப்பி

லாக்டௌன் முடிந்து இரண்டு மூன்று மழைக்காலம் போயிருக்கும். தாராவியில், பழைய கம்ப்யூட்டர் உடைக்கிற குடோனில் எனக்கு வேலை. இப்பவும் அங்கேதான்.

மாதுங்கா, செம்பூர், தாணே பக்கமிருந்து எங்களிடம் சில பேர் வருவார்கள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரைத் தேடி வாங்கி, ஓட வைத்து, வீட்டில் வைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருத்தர் வீட்டில் கூடுவார்கள். எங்கள் சேட், "ஆ கயே பாகல் லோக்" என்பார். பைத்தியங்கள் வந்தாச்சு என்று.

அதில் மாதுங்கா சார் ஒருத்தர். ரிட்டையர் ஆனவர். அவருடைய ஒரே மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது, வீட்டுக் கம்ப்யூட்டரில் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்திருக்கிறான். அப்புறம் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். கம்ப்யூட்டரும் எப்பவோ பழைய சாமானுக்குப் போய்விட்டது. அந்த விளையாட்டு இருந்த ஃபிளாப்பி மட்டும் பீரோவில், சார் வீட்டு மாமியின் புடவைக்கடியில்.

"அண்ணாச்சி, பெரிய ஃபிளாப்பி போடற மெஷின் வந்தா ஒடைச்சுடாதீங்கோ" என்று சார் என்னிடம் சொல்லி வைத்திருந்தார். குர்லாவில் மூடிப்போன ஒரு ஆபீஸிலிருந்து ஒன்று வந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். ஓடியது.

ஃபிளாப்பியை எடுத்தார். பம்பாய் ஈரத்துக்கு உள்ளே வெள்ளையாகப் பூசணம். பூசணம் பிடித்ததை அப்படியே போடக்கூடாது என்பது அவர்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். உறையை வெட்டி, உள்ளே இருக்கிற தகட்டைக் கழுவிக் காயவைத்துத்தான் போடவேண்டும். செம்பூர்க்காரர் ஒருத்தர் அதைப் பதமாகச் செய்வார். ஞாயிற்றுக்கிழமை வருவார் என்று சார் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமி காபி கொண்டுவந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கையில வெச்சுண்டு என்ன பாக்கறேள்? போடுங்கோ."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோயேன்."

"இத்தனை வருஷம் பொறுத்தாச்சு. இன்னும் எதுக்கு?"

சார் ஃபிளாப்பியை மெஷினில் போட்டுவிட்டார்.

தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். உடனே வெளியே உருவினார். தகட்டில் வட்டமாக மேல்பூச்சு உரிந்திருந்தது. திரும்பவும் போட்டுப் பார்த்தார். திரை கறுப்பாகவே கிடந்தது.

"தெரியலையா?" என்றார் மாமி.

"தெரியலை."

மாமி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சார் வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தார்கள், போனேன். அவர்கள் கூடினால் சண்டை ஓயாது. ஒரு ஸ்க்ரூ மாறியிருந்தால் போதும், "இது ஒரிஜினல் இல்லை ஓய்" என்று சாப்பாட்டு நேரம் வரை மல்லுக்கட்டுவார்கள். அன்று அது இல்லை. செம்பூர்க்காரர் ஃபிளாப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சார் முகத்தைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்தார்.

மாமி டீத் தட்டோடு நின்றார். "நான் அவசரப்படுத்தாம இருந்திருந்தா வந்திருக்குமோ?"

"இல்ல மாமி. இது எப்பவோ போயிடுச்சு. நான் கழுவியிருந்தாலும் ஒண்ணும் வந்திருக்காது."

"ஆமா மாமி, அந்தக் காலத்து ஃபிளாப்பியே மட்டம்" என்றார் தாணேக்காரர். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

மாமி என் பக்கம் திரும்பினார். "நீங்க அன்னிக்கு இருந்தேளே?"

"ஆமாம்மா. போடறதுக்கு முன்னாடியே மேல்பூச்சு உரிஞ்சுதான் கெடந்துது."

மாமி தட்டை நீட்டினார். எல்லாரும் டீ எடுத்துக்கொண்டோம்.

கீழே வந்ததும் செம்பூர்க்காரர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார். "கழுவியிருந்தா வந்திருக்கும், அண்ணாச்சி. பாதியாவது வந்திருக்கும்" என்றார். அப்புறம் போய்விட்டார்.

எனக்குப் படிப்பு அதிகம் கிடையாது. பொய் சொன்னால் ராத்திரி தூக்கம் வராது. அன்று சொன்னதற்கு மட்டும் வருத்தம் இல்லை. ஆனால் அந்த அம்மா அதை நம்பினார்களா, இல்லை எங்களுக்காக நம்பின மாதிரி இருந்துவிட்டார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.