துலுக்காத கிடாய்

என் வீட்டுக்காரர் வாசல் நிலையில் குனிந்து, உடம்பையும் ஒருக்களித்துத்தான் உள்ளே வருவார். அத்தனை ஆகிருதி. நாமக்கல் பக்கத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், சேலத்துச் சந்தையில் சேற்றில் இறங்கிய பார வண்டியை ஒற்றைத் தோளால் தூக்கி நிறுத்தியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டான், பாக்சிங் கொட்டகை நடத்திய ஒரு காண்டிராக்டர். பிடித்தது சனி. யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தைய காலம் அது.

எங்கள் சீமையில் அவர் எடைக்குச் சமமான ஆள் கிடையாது. டிக்கெட் வாங்கியவர்கள் கடலைக்காயை உரித்து வாயில் போடுவதற்குள் எதிராளி கீழே கிடப்பான். போட்ட காசுக்கு ஆட்டம் போதவில்லை என்று சனங்கள் சத்தம் போடுவார்களாம். என் மாமனாருக்கோ மகனால் மீசை இரண்டு விரற்கடை கூடிவிட்டது. இன்றைக்குச் சேலம், நாளைக்கு மெட்ராசு, அப்புறம் பம்பாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு அதில் துளியும் சந்தோசமில்லை. அவர் கொட்டகைக்குப் போன நாளில் வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

ஒருமுறை ரயில்வேயில் கரி அள்ளும் ஆள் ஒருவரை அவர் எதிரே நிறுத்தினார்கள். ஒரே குத்துதான். அந்த மனிதருக்கு இடது காது அதோடு கேட்காமல் போய்விட்டது. அதன்பிறகு இவர் சேலம் போகும்போதெல்லாம் ஒரு பை கம்பும் கடலையும் கட்டிக்கொண்டு அந்த ஆளைப் பார்த்துவிட்டு வருவார். எங்கள் குழந்தையை அந்தக் குத்துக்குப் பின் இடது கையால் மட்டுமே தூக்கினார். வலது கையை அதன்மேல் வைக்கவே மாட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் மெட்ராசிலிருந்து அழைப்பு வந்தது. பட்டாளத்து வெள்ளைக்காரன் ஒருவனோடு சண்டை. ஜெயித்தால் பேரும் புகழும் என்றான் காண்டிராக்டர். மாமனார் அந்த இடத்திலேயே சரி என்றுவிட்டார். இவரும் தலையாட்டிவிட்டார். மலை மாதிரி உடம்பு இருந்து என்ன, அப்பன் கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை. அப்பன் பேச்சுக்கு மேலே அந்த வீட்டில் சாமி ஒன்றுதான்.

புறப்படும் நாளில் குலசாமிக்குக் கிடாய் வெட்டிவிட்டுப் போவதாக வேண்டுதல். என் தாய்வீட்டிலிருந்து வந்த மேச்சேரிக் கிடாய்தான் அது. எங்கள் வழக்கத்தில் எடுத்ததும் வெட்டிவிட முடியாது. மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிடாய் உடம்பை உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்குவது என்போம். துலுக்காவிட்டால் வெட்டவும் கூடாது, நினைத்த காரியத்துக்குப் புறப்படவும் கூடாது. வேண்டிக்கொண்டவர் கயிற்றைத் தளரப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

காலையில் தண்ணீர் ஊற்றினார்கள். கிடாய் கல்லாக நின்றது. மறுபடி ஊற்றினார்கள். அசையவில்லை. காண்டிராக்டர் மோட்டாரோடு வந்து வேப்பமரத்தடியில் நிற்கிறான். வெயில் உச்சிக்கு ஏறுகிறது. சாயங்காலம் சேலத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

"ஏனுங்க, ஒரு ஆடு சிலுப்பறதுக்கோசரம் மெட்ராசு காத்துக்கிட்டு நிக்குமுங்களா?" என்றான்.

"சாமி உத்தரவு குடுக்காம எம்பையன் எல்லை தாண்ட மாட்டானுங்க," என்றார் மாமனார். பாவம், யாரையும்விட அவருக்குத்தான் அவசரம்.

நான் ஆடுகளோடு வளர்ந்தவள். ஆடு உதறுவது காதிலும் தலையிலும் தொடங்கித்தான் முதுகுக்குப் போகும். இந்தக் கிடாய்க்கு முதுகுத்தோல் நடுங்குகிறது, ஆனால் தலை ஆடவில்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரர் கையைப் பார்த்தேன். கிடாய்க்குப் பக்கத்தில் குந்தி, தாடைக்கடியில் கயிற்றுமுடிச்சைப் பிடித்திருந்தார். அந்தக் கை அகலத்துக்கு முடிச்சும் தெரியவில்லை, தாடையும் தெரியவில்லை. தளரப் பிடித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் முழங்கை நரம்பு புடைத்து நின்றது. வலது கை.

என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சாமிக்குப் பயந்து பொத்தியதாகப் பக்கத்துப் பெண்கள் நினைத்திருப்பார்கள்.

பொழுது சாய ஆரம்பித்ததும் காண்டிராக்டர் தலையில் அடித்துக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினான். இவருக்குப் பதிலாக ஈரோட்டுப் பக்கத்துப் பயில்வான் ஒருவரை அனுப்பினானாம். அந்த ஆள் தாடையில் துணி கட்டித் திரும்பிவந்து, அதோடு கையுறையைத் தொடவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

மோட்டார்ப் புழுதி அடங்கியதும் இவர் கயிற்றை விட்டார். கிடாய் தலைமுதல் வால்வரை ஒரு உதறு உதறியது. எங்கள் எல்லார்மேலும் மஞ்சள் தண்ணீர்.

"இப்பத் துலுக்கி என்னடா பண்ண?" என்று மாமனார் தரையில் உட்கார்ந்துவிட்டார். கறிச்சோற்றுக்குக் காத்திருந்தவர்கள், துலுக்கிவிட்டதே, வெட்டிவிடலாமே என்றார்கள்.

"வேண்டுனது மெட்ராசு போறதுக்குங்க. நாந்தான் போவலியே," என்றார் இவர். கிடாயை அவரே வீட்டுக்கு ஓட்டிவந்தார்.

தங்கமான கை, வீணாய்ப் போயிற்று என்று சந்தைக்குச் சந்தை பேசினார்கள். பேசட்டும். அன்று விளக்கு வைத்ததும் அந்தக் கையை விரித்துப் பார்த்தேன். கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்தது. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டேன்.

"அடுத்த வருசமும் வந்து கூப்புட்டா என்னங்க பண்ணுவீங்க?"

அவர் தூங்கிப்போன குழந்தையை ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு கையாலும் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"கெடாயி ஊட்லதான இருக்குது, புள்ள," என்றார்.