அடுக்களைக் கதவில் தொங்கிய லிஸ்ட்

பிள்ளைகளே, நாலு மாதத்துக்கு முன் எங்கள் அடுக்களைக் கதவில் ஒரு லிஸ்ட் தொங்கியது. நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் செல்வி எழுதியது. தலைப்பு — ‘அம்மா சாப்பிடக் கூடாதவை’.

செல்வியின் அம்மாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வாந்தி நிற்கவில்லை. அவ்வளவுதான்... தெருவே டாக்டராகிவிட்டது!

முதலில் பக்கத்து வீட்டு மலையாளத்து சரசம்மா சேச்சி, ஒரு குப்பி கஷாயத்தோடு.

“இது பச்சிலை மருந்தாக்கும் அண்ணாச்சி, ஒரு தோஷமும் வராது கேட்டோ. புளியும் எரிவும் காரமும் மட்டும் வேண்டா.”

அடுத்து, நான் வேலை பார்க்கும் ஹோட்டலுக்கு தினமும் காபிக்கு வரும் கிளார்க் சார். புஸ்தகம் படித்து ஹோமியோபதி கற்றவர்.

“நாலே உருண்டை. பயப்படாதேயும். காபி, வெங்காயம், பூண்டு மட்டும் கூடாது ஓய்.”

மூன்றாவது, மலை மேல் போனக்காடு எஸ்டேட்டில் இருக்கும் என் மச்சினன். துணியில் ஒரு வேரை முடிந்து கொண்டு வந்தான்.

“இடிச்சுப் பால்ல குடுங்க அத்தான். உப்பும் சோறும் மட்டும் ஒதுக்கிரணும்.”

மூன்று பேருக்கும் தலையாட்டினேன். பத்து வருஷமாக ஹோட்டலில் சப்ளையர். யார் எதைச் சொன்னாலும் ‘சரி’ என்றுதான் வாய்க்கு வரும்.

‘மட்டும்’ எவ்வளவு சின்னச் சொல்! ஆனால் மூன்று ‘மட்டும்’ சேர்ந்தால் அடுக்களையே காலி.

ஒரு மாதம் போனது. வயிறு பெரிதாக வேண்டியவள் இளைத்துக்கொண்டே வந்தாள்.

“ஏங்க, நிக்க முடியல. தல சுத்துது.”

“பத்தியத்த பாதியில விடப்படாது” என்றேன். பெரிய மேதாவி நான்!

மறுநாள் காலை குழாயடியில் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். “குழந்தை வளர்ச்சி போரா, ரொம்பக் குறைவு. இன்னைக்கு என்ன சாப்பிட்டது?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கூட வந்திருந்த செல்விக்குத்தான் லிஸ்ட் மனப்பாடமாயிற்றே!

“புளி கூடாது, காரம் கூடாது, வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, உப்பு கூடாது, சோறு கூடாது...”

“பின்னே என்னதான் கூடும்?”

“வெந்நீர் குடிக்கலாம், டாக்டர்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எல்லா மருந்தையும் எடுத்து வரச் சொன்னார். வேரைக் கையில் வைத்து உருட்டினார்.

“இது என்ன வேரு?”

“தெரியலம்மா. மலையில கிடைக்கிறது...”

“மலையில பாம்பும் கிடைக்கும். அதையும் பால்ல கலக்குமோ?”

வேரை முடிந்திருந்த துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

“பச்சிலையானாலும் மருந்து மருந்துதான். சிலது கர்ப்பத்தையே கலைச்சிடும், அறியாமோ? யாரு கொடுத்தாலும் முதல்ல எங்ககிட்ட கேக்கணும். அது போகட்டே, நிங்களுக்கு என்ன ஜோலி?”

“ஹோட்டல்ல சப்ளையரும்மா.”

“கொள்ளாம், நல்லாயிருக்கு! ஊருக்கெல்லாம் சோறு விளம்பும். வீட்டுல பட்டினி!”

ஊசி குத்தியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்று மாலை வாழையிலையில் ஆறு இட்லி கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சாம்பாரில் புளி, உப்பு, மிளகாய், வெங்காயம் — லிஸ்டில் இருந்ததெல்லாம் மிதந்தது. அவள் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. செல்வி லிஸ்டை எடுத்துக் கிழித்துப் போட்டாள். டாக்டரம்மா தந்த மாத்திரை தவிர வேறெந்த மருந்தும் வீட்டுக்குள் வரவில்லை.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் அம்மா வயிற்றில் பாப்பா இருக்கும்போது யாராவது குப்பியோடு வருவார்கள். நல்லவர்கள்தான். என் மச்சினன் கெட்டவனா என்ன? ஆனாலும் தைரியமாகக் கேளுங்கள் — ‘இதில் என்ன இருக்கிறது? டாக்டருக்குத் தெரியுமா?’ என்று. அதிகப்பிரசங்கி என்று திட்டுவார்கள். திட்டட்டுமே!

போன வாரம் பாப்பா பிறந்தாள். தெருமுனை வரை கேட்கிறது அழுகை. எல்லாம் கஷாயத்தின் குணம் என்கிறார் சேச்சி. உருண்டையின் மகிமை என்கிறார் கிளார்க் சார். வேர் வேலை செய்துவிட்டது என்று போனக்காட்டிலிருந்து கார்டே வந்துவிட்டது. மூன்றையும் நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது!

இட்லி மட்டும் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.