உள்ளங்கால் சொன்ன சாட்சி

மாடிக்கு ஒன்றாக நாலு வீடு கூட்டிப் பெருக்கும் அந்த அம்மாளுக்குக் கமிஷனர் என்று பெயர் சூட்டியது யாரென்று தெரியாது. காரணம் மட்டும் கட்டடத்துக்கே தெரியும். கூட்டி முடித்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு அறை அறையாக ஒரு நடை நடப்பாள். அணிவகுப்பைப் பார்வையிடுகிற தோரணை.

"கமிஷனர் ரவுண்ட்ஸ் கெளம்பியாச்சு. எல்லாரும் காலைத் தூக்குங்க" என்று மூன்றாம் மாடி வக்கீலம்மாவின் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அறிவிப்பார்.

"நீங்க தூக்கினா போதும் சார். மத்தவங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க" என்பாள் கமிஷனர்.

அந்த நடையைத் திமிர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நல்லதாகப் போயிற்று. உண்மையில் அவள் இடது கண்ணை முழுதாகவும் வலது கண்ணை முக்கால்வாசியும் புரை மூடியிருந்தது. தரையில் கண் விட்டுவிட்டதைக் கால் பிடித்தது. காலில் நெருடுவது மணலா சர்க்கரையா என்று அந்த உள்ளங்கால் பிரித்துச் சொல்லிவிடும்.

கூட்டுவதென்றால் குப்பையை இடம் மாற்றுவது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். கமிஷனர் அந்தக் கட்சி இல்லை. முதலில் மின்விசிறியை நிறுத்துவாள். அலமாரி, மேசையின் தூசியைத் தட்டிக் கீழே இறக்குவாள். பிறகு வாசலுக்கு எட்டாத மூலையில் குந்தி, சுவரோரமாகத் தொடங்கித் தன் பக்கமாகவே இழுப்பாள். துடைப்பம் கணுக்காலுக்கு மேலே எழும்பினால் தூசி பறந்து, ஆள் வெளியே போனதும் ஊர்வலமாகத் திரும்பி வரும். ஒரு இழுப்பின் பாதி முந்தைய இழுப்பின் மேல் விழ வேண்டும். அந்தந்த அறைக் குப்பையை அங்கேயே அள்ளிவிட வேண்டும். முறத்தின் விளிம்பில் மெல்லிய கோடாக நிற்கும் தூசி இருக்கிறதே, உலகத்தின் சோம்பேறிகள் எல்லாம் தோற்ற இடம் அது. முறத்தை ஒரு விரல் பின்னுக்கு இழுத்து மறுபடி கூட்டுவாள். இப்படி மூன்று முறை.

ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். இன்னும் ஆறு வாரம். அதற்குப் பிறகு ஒரு மாதம் குனியக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது. தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் தன் லீவையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள், அந்த ஒரு மாதம் நாலு வீட்டையும் அவள் பார்த்துக்கொள்ள. ஆறு வாரம் விஷயம் கசியாமல் இருந்தால் வீடுகள் கைவிட்டுப் போகாது. கசிந்தால் மறுநாளே வேறு ஆள் வந்து நிற்பாள்.

விதி வக்கீலம்மா ரூபத்தில் வந்தது, கையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்போடு.

"உங்க காலைப் பாத்தேன், பாளம் பாளமா வெடிச்சிருக்கு. இனிமே வீட்டுக்குள்ள இதைப் போட்டுட்டுத்தான் வேலை செய்யணும்."

"பழக்கமில்லம்மா, வழுக்கும்."

"வழுக்காத செருப்பாப் பாத்துத்தான் வாங்கினேன். கழட்டினீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

அன்பை எதிர்த்து வாதாட எந்தக் கோர்ட்டிலும் இடமில்லை. கமிஷனர் போட்டுக்கொண்டாள். அந்த நிமிடத்திலிருந்து தரை அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டது. வக்கீலம்மா அறைக்குள் போகும்போது கமிஷனர் செருப்பைக் கழற்றினாள். வரும் சத்தம் கேட்டால் மாட்டினாள். வக்கீலம்மாவோ அந்த வாரம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் சோபாவுக்கு அடியில் பஞ்சு போலத் தூசி உருண்டு கிடந்தது.

"என்னக்கா இது?"

"சோம்பல்மா. மன்னிச்சுக்குங்க." குருடி என்றால் வேலை போகும், சோம்பேறிக்கு இன்னொரு வாய்தா கிடைக்கும் என்பது கமிஷனரின் கணக்கு.

"ஒம்பது வருஷமா இல்லாத சோம்பலா?" வக்கீலம்மாவுக்குத் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. தரையில் எதையோ காட்டினாள். "சரி, இது என்னன்னு சொல்லுங்க."

கமிஷனர் குனிந்து பார்த்தாள். வெள்ளையாக ஏதோ இருந்தது. "காகிதத் துண்டும்மா. இதோ எடுத்துடறேன்."

அது ஜன்னல் வழியாக விழுந்திருந்த வெயில்.

வக்கீலம்மாவின் கண் கலங்கிவிட்டது; அதையும் கமிஷனர் பார்க்கவில்லை, மூக்கை உறிஞ்சும் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டாள். "இந்தக் கண்ணோடயா இத்தனை நாள் குனிஞ்சு கூட்டினீங்க? நாளையிலிருந்து வேண்டாம். நல்லா ரெஸ்ட் எடுங்க. நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

"என் பொண்ணு வருவாம்மா..."

"பாவம், அவளுக்கு எதுக்குச் சிரமம்?"

கருணை படியிறங்கிப் போகும் வேகம் லிப்ட்டுக்கு இல்லை. மாலைக்குள் மற்ற மூன்று வீடுகளும் கமிஷனருக்காக மனமார வருந்தி, ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டன. ஒரு வீட்டில் கேரட் கொடுத்தார்கள்.

மகள் கேரட்டை நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அப்ப ஆஸ்பத்திரில கேட்டு முன்னாடியே தேதி வாங்கிடலாமாம்மா? இப்பதான் நீ சும்மா இருக்கியே."

கமிஷனர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குடி அவசரம்? கூட்டறதுக்கு ஒரு வீடு இல்ல. பார்வை வந்து நான் எதைப் பாக்கப் போறேன்?"