தனியே நிறுத்தி வைத்த மூன்றாவது ஆள்

எங்கள் கடற்படைக் கப்பலை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று, கொடைக்கானல் பக்கம் பேத்துப்பாறையில் என் பூண்டுத் தோட்டத்துக்குக் களையெடுக்க ஆள் கிடைக்காமல் எரிச்சலில் இருந்தேன். கப்பலில் என்னோடு வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள். வேலையில் இருந்த நாளில் அந்தக் கப்பலைத் திட்டாதவன் ஒருவனும் கிடையாது. நானும் வாய் வலிக்கத் திட்டியவன்தான். ஆனாலும் அது கரை மணலில் மூக்கை வைத்துக் கிடந்த படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

யாரோ ஒருவர், கப்பலின் வரலாற்றை ஒரு பக்கமாவது எழுதி வைக்க வேண்டும் என்றார். உடனே இன்னொருவர், "நம்ம கொடைக்கானல்காரன்தான் லீவு லெட்டரே கதை மாதிரி எழுதுவான், அவன எழுதச் சொல்லுங்க" என்று என்னை மாட்டிவிட்டார். புகழ்ந்தால் மயங்குகிற ஆள் நான். அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் கப்பலைப் பற்றிப் பெருமையாக எழுத அவ்வளவாக ஒன்றும் இல்லை. அது படைகளை ஏற்றிப் போகிற கப்பல். முன்பக்கம் இரண்டு கதவுகள் திறக்கும், சாய்தளம் ஒன்று இறங்கும், அதன் வழியாக லாரியும் டாங்கியும் ஆட்களும் உள்ளே போவார்கள். துறைமுகம் இல்லாத இடத்தில் நேராக மணலில் ஏறி நிற்பதற்காக அடிப்பாகம் தட்டையாக இருக்கும். அதனால் சின்ன அலைக்கே ஆடும். ஏறிய சிப்பாய்களில் பாதிப் பேர் வாந்தி எடுத்தபடிதான் போய்ச் சேர்வார்கள். நான் இருந்த வரையில் அது யாரையும் குறிபார்த்து ஒரு குண்டு சுடவில்லை. அந்தமானுக்கு அரிசியும் சிமெண்டும் கொண்டு போனது. புயல் அடித்த ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டு போனது. எண்பதுகளின் கடைசியில் இலங்கைக்கு நம் படை போனபோது, பல தடவை ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியது. திரும்பி வரும்போதும் ஆட்களைத்தான் ஏற்றி வந்தது. சில பயணங்களில் மூடிய பெட்டிகளும் வந்தன.

இவ்வளவையும் எழுதியபின் பார்த்தால், கோப்பிலிருந்து எடுத்தது போல உப்புச் சப்பில்லாமல் இருந்தது. சரி, படிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று என் முட்டைக்கோசுக் கதையையும் சேர்த்தேன்.

பள்ளிக்கூட லீவில் அப்பாவோடு காய்கறி லாரியில் ஏறி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவேன். அங்கே முட்டைக்கோசு இறக்கும்போது எண்ணுகிற விதம் ஒன்று உண்டு. நூறு காய் விழுந்ததும் அடுத்த காயைத் தனியே ஒதுக்கி வைப்பார்கள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். கடைசியில் ஒதுக்கி வைத்த காய்களைப் பார்த்தால் எத்தனை நூறு என்று தெரிந்துவிடும். அந்த அடையாளக் காய் நூறில் சேராது. வாங்கினவருக்கே கொசுறாகப் போய்விடும். எண்ணிக்கை என்றால் எனக்கு அதுதான்.

இலங்கைக்குப் போன ஒரு பயணத்தில், ஏறுகிற தலைகளை எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். எனக்கு அப்போது இருபது வயது. சாய்தளத்தின் மேலே, கதவுக்கு உள்ளே, ராணுவ கிளார்க் ஒருவர் பெயர்ப் பட்டியலோடு நின்றார். ஒவ்வொருவரும் பெயர் சொல்ல, அவர் டிக் போடுவார். நான் கீழே துறைமுக மேடையில் நின்று எண்ணினேன். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். தூறல் வேறு. நூறாவது ஆள் ஏறியதும், யோசிக்கவே இல்லை, அடுத்தவரின் கையைப் பிடித்துக் கயிறு கட்டும் இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் ஏதோ தனி வேலை என்று நினைத்து விறைப்பாக நின்றார். இருநூறுக்கு ஒருவர், முந்நூறுக்கு ஒருவர். கடைசியில் என் கணக்கும் கிளார்க்கின் கணக்கும் அப்படியே ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? அந்த மூன்று பேரை நானும் எண்ணவில்லை, அவரும் டிக் போடவில்லை.

"மூணு பேர் வரல" என்று பட்டியலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கிளார்க் உள்ளே போய்விட்டார். கதவை மூட மணி அடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன், தூணருகே மூன்று பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். கூப்பிட்டு ஏற்றிவிட்டேன். என் கதை அவ்வளவுதான். மனிதர்களை முட்டைக்கோசாக எண்ணினவன் என்று கப்பலில் எனக்குப் பெயரே வந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல், கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

பக்கத்தைக் குழுவில் போட்டு நாலு நாள் கழித்து ஒரு போன் வந்தது. ஒரு பெண். கொடைக்கானலில் ஒரு விடுதியில் வேலை பார்ப்பதாகவும், அங்கே காவலுக்கு இருக்கும் பழைய பட்டாளத்துக்காரர், தன் போனுக்குக் கைமாறி வந்த என் பக்கத்தைப் படித்துக் காட்டியதாகவும் சொன்னாள். பாராட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தேன்.

"சார், அந்த முட்டக்கோசு கதை நெசமாவே நடந்ததுங்களா, இல்ல சிரிக்கிறதுக்காக எழுதுனதா?"

"நெசந்தாம்மா. சாமி சத்தியமா நடந்தது."

அவள் சொன்னாள், "அந்த மூணு பேர்ல ஒருத்தர் எங்கப்பா சார். என்னைய ஒருத்தரு தனியா நிக்க வச்சாருன்னு அவரும் சொல்லத்தான் செஞ்சாரு. ஒருத்தரும் நம்பல."

அவள் சொல்லச் சொல்ல நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் சிலோனிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம். அவள் அப்பா அங்கே லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, சிறுவயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். வளர்ந்து இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்தார். அவர் கப்பலில் ஏறவில்லை என்று கிளார்க் தகவல் அனுப்ப, அவரைத் தேடி ஒரு ஜீப், திரும்பி வந்தவர்களுக்கான அவர்கள் குடியிருப்புக்கு வந்திருக்கிறது. வீட்டுக்குள் புகுந்து கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தார்களாம். சிலோனில் பிறந்தவன், சிலோனுக்குச் சண்டைக்குப் போகமாட்டேன் என்று ஓடிவிட்டான் என்று அன்றைக்கே ஊர் முடிவு கட்டிவிட்டது. அவர் இலங்கையில்தான் இருக்கிறார் என்பது மூன்றாம் நாளே பட்டாளத்துக்குத் தெரிந்து, தாளில் ஆளைக் காணோம் என்று எழுதியதை அடித்துவிட்டார்கள். அதைச் சொல்ல எந்த ஜீப்பும் வரவில்லை.

"இப்ப எங்க குடியிருப்புல, பட்டாளத்துல வேல பாத்தவங்க பேரையெல்லாம் கல்லுல வெட்டி வைக்கிறாங்க சார். எங்கப்பா பேரு வேணாம்னு ரெண்டு மூணு பேரு சொல்றாங்க. ஓடிப் போனவரு பேரு எதுக்குன்னு. நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா போதும். அப்பாவுக்கு ஒடம்பு ரொம்ப முடியல."

மற்ற இருவரும் அன்று மாலை கப்பலில் பெயர் கூப்பிட்டபோது கை தூக்கிவிட்டார்களாம். இவர் கை தூக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் கீழ்த்தளத்தில், லாரிகளுக்கு நடுவே, வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தவரை எழுப்பியவனே நான்தான். மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கு பஸ்ஸில் இறங்குகிறவர்கள் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்களே, அந்தப் பழக்கத்தில் என்னிடம் எப்போதும் நாலைந்து பழம் இருக்கும். ஒன்றைக் கீறி அவர் மூக்கருகே பிடித்தேன். "சின்னதுல இந்தக் கடல்ல அந்தப் பக்கமிருந்து வந்தேன் தம்பி" என்றார். பாவமாக இருந்தது. கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் சோலியைப் பார்க்கப் போய்விட்டேன். அவரைக் காணவில்லை என்று ஒரு தாள் கரைக்குப் போயிருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. நான் சொன்ன கதையில் மூன்று பேர் என்பது வெறும் எண்ணிக்கை. முப்பது வருஷமாக ஒருவரின் மானத்தை வைத்து ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. என் வீட்டுக்காரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "லெட்டர தபால்ல போட்டுட்டு கமுக்கமா இருந்துராதீங்க. நேர்ல போயி நில்லுங்க" என்றாள்.

கடிதத்தை மூன்று தடவை எழுதினேன். இன்ன பயணத்தில் இன்ன வேலையில் இருந்த நான், என் தவறால் இவரைக் கரையில் நிறுத்தினேன், பிறகு நானே கப்பலில் ஏற்றினேன், மறுநாள் கப்பலில் இவரைப் பார்த்துப் பேசினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பஸ் மாறி, மலையின் அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்புக்குப் போனேன். கூடவே ஒரு பை மலைப்பூண்டு. வெறுங்கையோடு போக ஒரு மாதிரியாக இருந்தது.

அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் குல்லா. முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. "எலுமிச்சம்பழத் தம்பி" என்றார். அவர் மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். நான் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். படித்து முடித்து, "எம்மேலதான் தப்பு அண்ணே. என்னைய மன்னிச்சிருங்க" என்றேன்.

மகள் அழுதுகொண்டிருந்தாள். இத்தனை நாள் அவள் பட்டதெல்லாம் அந்த அழுகையில் தெரிந்தது. "கேட்டீங்களாப்பா? இனிமே ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது" என்றாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புன்னு ஏன் சொல்றீங்க தம்பி. அந்தத் தூணுக்கிட்ட நிக்க வச்சப்ப, சாமியே எனக்கு ஒரு வழி விட்ட மாதிரிதான் இருந்துச்சு."

மகள் கண்ணைத் துடைத்த கையை அப்படியே நிறுத்தினாள்.

"எங்கக்கா எங்ககூட வராம அங்கயே தங்கிட்டா, வவுனியாப் பக்கம் குடியேறி இருந்தா. அவளுக்கு ரெண்டு பயலுக. துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு அங்க எப்படிப் போயி எறங்குறதுன்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க ஒதுக்கி நிக்க வச்சீங்க. யாரும் என்னையப் பாக்கல. பேரும் கூப்பிடல. இப்படியே திரும்பி நடந்துறலாம்னு நெனச்சேன். நெனச்சது மட்டும் இல்ல தம்பி. தொறமுகக் கேட்டுப் பக்கமா நாலு எட்டு வச்சுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அதான் ஊருல பேசுனப்பெல்லாம் பொய்யின்னு அடிச்சுச் சொல்ல ஏலல. நிக்க வச்சாங்கன்னு சொல்லுவேன். அதுக்கு மேல வாய் வராது."

மகள் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவள் குரல் இறங்கிப் போயிருந்தது. "அப்ப ஏம்ப்பா ஏறுனீங்க?"

"ஏன் ஏறலன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. ஏன் ஏறுனேன்னு இன்னைக்குத்தான் ஒரு ஆளு கேக்குது." அவள் தலையில் கையை வைத்தபடி என் பக்கம் தாடையை நீட்டினார். "இந்தத் தம்பி கூப்பிட்டுச்சு. 'அண்ணே, வாங்கண்ணே, நனையாதீங்க, உள்ள சூடா டீ இருக்கு'ன்னுச்சு. பட்டாளத்துல சேந்து ஆறு வருசம். எங்க கம்பெனியில தமிழ் ஆளே இல்ல. அதுவரைக்கும் ஒருத்தரும் என்னைய அண்ணேன்னு கூப்பிட்டதில்ல. அப்படிக் கூப்பிட்ட பிள்ளைக்கு எப்படி முதுகக் காட்டுறது? வந்து ஏறிட்டேன்."

நான் அப்படிக் கூப்பிட்டது எனக்கு நினைவே இல்லை. எங்கள் பக்கத்தில் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அன்றைக்கு அந்த மூன்று பேரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருப்பேன்.

"உங்கக்கா?" என்று கேட்டேன்.

"நான் வந்து எறங்குனது தெரிஞ்ச பொறவு அவ எனக்குக் கடதாசி போடல. இருக்காளா இல்லையான்னுகூடத் தெரியாது."

டீ ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. மகள் என் கையிலிருந்த கடிதத்தை மெதுவாக வாங்கி நான்காக மடித்தாள். "கல்லுல பேரு போடச் சொல்லவா, வேணாமாப்பா?" என்று கேட்டாள். அவள் கேட்ட விதத்தில், வேண்டாம் என்று அவர் சொன்னாலும் சரி என்றுதான் இருந்தது.

அவர் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். "போடட்டும். ஏறுனது நெசந்தானே" என்றார்.

அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டேன். இந்தத் தடவை, கூப்பிட்டதற்காக.