எண் சரி, ஆள் யார்?

நோரீன் காஸ்பர் ஒஹாயோவில் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்சீட்டில் பிள்ளைகள் திடீரென்று அமைதியானாலே வண்டியை ஓரங்கட்டுவாள். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாகச் சொந்தவீடு வாங்கப் புறப்பட்டபோதும் அந்தக் குணம் கூடவே வந்தது. தங்கை டெனிஸ், வாங்குமுன் வீட்டின் குறைகளைப் பார்த்துச் சொல்லும் பரிசோதகர் ஒருவர் "நல்ல வீடு" என்று எழுதிக் கொடுத்ததை நம்பி வாங்கிய வீட்டில், மறு வசந்தத்திலேயே நிலவறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

எல்ம் தெருவில் அவளுக்குப் பிடித்த வீட்டைக் காட்டிய ஏஜென்ட் பிரென்ட் ஒரு அட்டையை நீட்டினான். வேட் ஹாலக், வீட்டுப் பரிசோதகர், முப்பது வருட அனுபவம், கீழே லைசென்ஸ் எண்.

"என் ஆளுங்கள்லயே இவர்தான் பெஸ்ட். வியாழக்கிழமை வரச் சொல்லிட்டேன்."

"உங்க ஆளா? வீடு வித்தாதான உங்களுக்குக் கமிஷன்?"

"ஐயோ நோரீன், எல்லாரையும் இப்படிச் சந்தேகப்பட்டா எப்படிங்க?"

வீட்டுக்கு வந்ததும் மாநில அரசின் இணையப் பக்கத்தில் எண்ணைத் தட்டினாள். வேட் ஹாலக், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். ஆனால் அட்டையில் இருந்த படத்து முகத்துக்கு நாற்பதுகூட இருக்காது. முப்பது வருட அனுபவம் என்றால் எந்த வயதில் ஆரம்பித்தான்? அரசுப் பட்டியலில் இருந்த தொலைபேசி எண்ணும் வேறாக இருந்தது. அதற்கே போட்டாள்.

இருமலோடு ஒரு கிழக்குரல் எடுத்தது. "ஹாலக் பேசறேன்."

"வியாழக்கிழமை எல்ம் தெரு வீட்டுக்கு வர்றீங்கள்ல?"

"எந்த வீடும்மா? எனக்கு முட்டி போய் மூணு வருஷமாச்சு. படியே இறங்க முடியாது. என் பையன் சின்ன வேட்தான்..." அதோடு இணைப்பு அறுந்தது.

வியாழக்கிழமை நோரீன் முன்னதாகவே போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். ஏணியோடு வந்தவனிடம், "உங்க அப்பாகூடப் பேசினேன்" என்றாள்.

அவன் முகம் சிவந்தது. "பதினாலு வயசுலேருந்து அவரோட போறேங்க. வேலை தெரியும். லைசென்ஸ் பரீட்சைதான் வரமாட்டேங்குது. ரெண்டு தடவை போச்சு."

"தெரிஞ்சிருக்கலாம். அப்பா பேர்ல நான் வாங்கப்போற வீட்டுக்குள்ள வர வேண்டாம்."

ஏணியை மறுபடி வண்டியில் கட்டியவன், நிலவறை ஜன்னல் வழியாக ஒரு நிமிடம் குனிந்து பார்த்தான். "வேற யாரு வந்தாலும் அந்தப் புது மரப்பலகைக்குப் பின்னாடி பாக்கச் சொல்லுங்க. ஒரு சுவர மட்டும் யாரும் சும்மா மூட மாட்டாங்க."

இதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று அவள் மனம் அரித்தது. கைக்கு வந்த வேலை போன கோபத்தில் வீட்டையே கெடுக்கப் பார்க்கிறானா?

இந்த முறை ஆளை அவளே தேடினாள். மார்த்தா ஓச்சோவா என்ற பரிசோதகரிடம் லைசென்ஸ், காப்பீட்டுத் தாள், பழைய அறிக்கை ஒன்று எல்லாம் கேட்டாள். முன்பு வேலை கொடுத்த மூன்று பேரிடமும் பேசினாள்.

"கல்யாணத்துக்குக்கூட என்னைப் பத்தி யாரும் இவ்வளவு விசாரிச்சதில்ல" என்று மார்த்தா சிரித்தாள்.

"அங்க விசாரிக்காம விட்டுத்தான் நான் கெட்டேன்" என்றாள் நோரீன். சிரிக்கவில்லை.

விற்பவரின் சம்மதத்தோடு மார்த்தா ஒரு பலகையைக் கழற்றினாள். பின்னால் சுவர் வயிறு தள்ளி நின்றது. குறுக்கே விரல் நுழையும் விரிசல்.

நோரீன் அந்த வீட்டை விட்டுவிட்டாள். பிரென்ட் பிறகு அவள் அழைப்பை எடுக்கவேயில்லை.

சின்ன வேட்மேல் மாநில லைசென்ஸ் அலுவலகத்துக்குப் புகார் எழுத அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. அப்பாவின் லைசென்ஸில் அவன் வேலை செய்வது பற்றி எல்லாவற்றையும் எழுதினாள். கடைசியில், பலகை விஷயத்தில் அவன் உண்மையைத்தான் சொன்னான் என்று ஒரு வரி சேர்த்தாள். இரண்டு முறை அதை அழித்தாள். மூன்றாம் முறை அப்படியே விட்டு அனுப்பினாள்.

அக்டோபரில் வேறொரு வீட்டை வாங்கினாள். கூரை நன்றாக இருக்கிறது என்று மார்த்தா எழுதிக் கொடுத்திருந்தாள். முதல் மழை பெய்த மத்தியானம், நோரீன் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போய், கூரையின் உட்புறம் ஈரமா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் காபி குடித்தாள்.