மூன்று மாதத் தாடி

மனைவிக்கு ஆறாம் மாதம் பிறந்ததும் நான் தாடி வளர்க்கத் தொடங்கினேன். கர்ப்பிணியின் கணவன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நானோ தொண்டை அறுவை மருத்துவன். ஊரார் கழுத்தில் கத்தி வைக்கலாமாம், என் கன்னத்தில் மட்டும் கூடாதாம். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. குழந்தைக்காக என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பதாம் மாதம் நடக்கும்போது பன்றிக் காய்ச்சல் திருவனந்தபுரத்துக்கும் வந்தது. கர்ப்பிணிகளை அது மோசமாகப் பிடிக்கும் என்று தெரிந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த வாரமே, வித்துராவிலிருந்து வந்த ஒரு ஜீப் டிரைவருக்கு நான் கழுத்தில் துளை போட வேண்டியதாயிற்று. அதே காய்ச்சலில் நாட்கணக்காக வெண்டிலேட்டரில் கிடந்தார். வாய்வழிக் குழாய் சளியில் அடைத்துக்கொண்டே இருந்தது. மூச்சுக்குழாயைத் திறக்கும் நொடியில் கிருமி எங்கள் முகத்தில்தான் தெறிக்கும்.

தியேட்டரில் மாஸ்க்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். பாறசாலைக்காரச் சிஸ்டர் என்னை உற்றுப் பார்த்தார்.

"சாரே, கண்ணாடியில ஆவி பிடிக்கு. ஓரத்துல காத்து போவுது. தாடி இருந்தா மாஸ்க் ஒட்டாது, கேட்டியளா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வேலையை எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று கத்தினேன். அவர் நகரவில்லை. அவர் சொன்னது சரி, அதனால்தான் அத்தனை கோபம்.

வெளியே வந்து வீட்டுக்கு ஃபோன் செய்தேன். மாமியார் எடுத்தால் வைத்துவிடுவதாக இருந்தேன். நல்லவேளை, மனைவி எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எடுத்துடுங்கோ. அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

நோயாளிகளுக்கு மழிக்கும் பிளேடாலேயே மழித்தேன். மறுபடி மாஸ்க் போட்டபோது கண்ணாடி தெளிவாக இருந்தது. சிஸ்டர் தலையசைத்தார்.

மயக்க மருத்துவர் டிரைவர் இருமாதபடி மருந்து கொடுத்திருந்தார். நான் சொன்னதும் வெண்டிலேட்டரை நிறுத்தினார். காற்று ஓடாத அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மூச்சுக்குழாயைத் திறந்து, புதுக் குழாயைச் செருகி, அதன் பலூனை ஊதிச் சுற்றிலும் அடைத்தோம். பிறகுதான் காற்றை விட்டோம். ஒரு துளிகூடத் தெறிக்கவில்லை. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். சிஸ்டரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

ஆனாலும் பயம் விடவில்லை. ஒரு வாரம் ஆஸ்பத்திரி அறையிலேயே தங்கி, வேளைக்கு வேளை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் வரவில்லை. டிரைவரும் பிழைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் கிழக்கேகோட்டை வீட்டுக்குப் போனேன். மனைவி கதவைத் திறந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. அழுவதற்குள் பலமாக ஒரு தும்மல் வந்துவிட்டது.

இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். அவள் முகம் வெளிறிப்போயிற்று. அடுத்த நொடி அவளும் தும்மினாள். அப்போதுதான் நெடி உறைத்தது. உள்ளே மாமியார் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்.

"நூறாயுசு," என்றார் அடுப்படியிலிருந்தே. "மூணு பேருக்கும்."